ஆவணியில் பச்சை

அந்தச் சிவப்புப் புள்ளிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் முன்னாள் பணிப்பாளர் பேனா மாதிரி ஒரு லேசர் விளக்கைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு திரிவார். யாழ்ப்பாணத்திலேயே செய்மதிப் படம் பார்க்கத் தெரிந்த ஒரே பிறவி தான்தான் என்ற நினைப்பு. படங்களை உட்கார்ந்து ஆராய்ந்ததெல்லாம் நான். மேடையில் புள்ளி காட்டியது மட்டும் அவர்.

தென்மராட்சியில், கடனீரேரியை ஒட்டி ஒரு வயல்வெளி. உவர்நீரை மறிக்கும் அணையின் கதவுகள் துருப்பிடித்து உதிர்ந்து, உப்புத்தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. என் அண்ணையின் வயலும் கிணறும் அங்கேதான். எந்த அணையை முதலில் திருத்துவது என்று முடிவெடுக்க எங்கள் அலுவலகத்திடம் அறிக்கை கேட்டார்கள். பல வருடப் படங்களை அடுக்கிப் பார்த்தேன். அந்த வெளி மார்கழியிலும் பச்சை, ஆவணியிலும் பச்சை. பணிப்பாளருக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் பல். நிலம் தானாகவே தேறிவிட்டது, அணைக்கு இப்போது அவசரமில்லை என்று எழுதச் சொன்னார்.

மனிதர் பிறந்தது உடுப்பிட்டியில். மாரி மழையை நம்பி ஒரு போகம் மட்டும் நெல் விதைக்கிற மண்ணில் பிறந்தவருக்கு, ஆவணி வெயிலில் எந்த நெல் பச்சையாக நிற்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. நெல் செத்த உவர் நிலத்தில் உமரிப்பூண்டு படர்ந்திருக்கிறது, செய்மதிக்கு இரண்டும் இலைதான் என்று சொன்னேன். நேரில் காட்டலாமென்று கூட்டிக்கொண்டும் போனேன். வாகனத்தை விட்டு இறங்கினால்தானே! சப்பாத்தில் உப்புப் படியுமாம். உப்பு இருப்பது அந்தச் சப்பாத்துக்காவது தெரிந்திருந்தது. யன்னல் கண்ணாடியை அரைவாசி இறக்கி எட்டிப் பார்த்தார்.

"பச்சையாய்த்தானே கிடக்கு, பிள்ளை. உம்மடை அண்ணையின்ரை காணி எண்டபடியால்தான் உமக்கு உவ்வளவு அந்தரம்."

களப் பரிசோதனை அவ்வளவுதான். நான் எழுதிய மறுப்பை ஒதுக்கிவிட்டு அறிக்கையைத் தானே எழுதினார். அணைத் திருத்தம் வேறு ஊருக்குப் போனது. அடுத்த மாரிக்குள் அண்ணையின் கிணறும் உவராகிவிட்டது.

ஓய்வுபெற்றும் அவர் ஓயவில்லை, ஆலோசகராகிவிட்டார். போன கிழமை இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் அதே படத்தைப் போட்டு, திரையிலும் ஒரு சிவப்புப் புள்ளியை நகர்த்தியபடி, இயற்கை தன்னைத் தானே ஆற்றிக்கொண்டதற்கு இதுதான் சாட்சி என்று கூச்சமில்லாமல் கதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் குடிதண்ணீர் பிடிக்க வந்த அண்ணை, வெறும் தண்ணீர்க் கானோடு என் பின்னால் வந்து நின்றார்.

"உது எங்கடை கிணத்தடியெல்லே?"

ஓம் என்றேன். அண்ணை குனிந்து திரையைப் பார்த்தார்.

"பச்சை வடிவாய்த்தான் கிடக்கு. நெல்லு அரிவு வெட்ட உந்த ஐயாவை வரச் சொல்லு."

கானைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். திரையில் சிவப்புப் புள்ளி அவருடைய கிணற்றின் மேலேயே நின்றது.