சென்சாரின் கண்ணில் விழுந்த பொட்டு

தாய்லாந்தில், எங்கள் ரயோங் ஊர் மீன்சாறு ஆலையில் லம்துவனைப் போல வாயாடி கிடையாது. பாட்டிலுக்கு மூடி போடும் மெஷினை அவள்தான் ஓட்டுவாள். அப்பா புத்தத் துறவியானதில் மட்டும் அவளுக்குத் தீராத குறை. "காவி கட்டினாலும் கட்டினாரு, பெத்த பொண்ணு அவரு கையைக்கூடத் தொடக்கூடாதாம்!" என்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் புலம்புவாள்.

புது மெஷின் வந்ததும் அதற்குப் பொட்டு வைத்து ஆசி கொடுக்க, முதலாளியம்மா அந்த அப்பாவையே வரவழைத்தாள். கிழவருக்குக் கை நடுக்கம். குழைத்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டு வைத்தபோது, ஒரு பொட்டு சென்சாரின் கண்மேலேயே விழுந்தது. கண் என்றால், மூடி இருக்கிறதா என்று ஒளியை அனுப்பிப் பார்க்கும் மெல்லிய இழையின் நுனி.

அன்று பிடித்தது சனி. வெள்ளைப் பொட்டில் பட்டு ஒளி அப்படியே திரும்ப, மூடியில்லாத பாட்டிலுக்கும் மூடி இருப்பதாகச் சொன்னது சென்சார். லம்துவன் உணர்திறனைக் குறைத்தாள். பொட்டு காய்ந்து கொஞ்சம் உதிர, நல்ல பாட்டிலுக்கெல்லாம் மெஷின் நின்றது. மறுபடி கூட்டினாள். மெக்கானிக் வந்து, இழையை மடக்கிக் கட்டியிருக்கிறது, நுனியைச் சரியாக வெட்டவில்லை என்று ஊர்க்கதையெல்லாம் சொன்னான். பொட்டைப் பார்த்தான், கும்பிட்டான், போய்விட்டான். ஆசியைத் துடைத்த பாவம் யாருக்கு வேண்டும்? எனக்கும் வேண்டாம்தான்.

மழைக்காலம் முடியுமுன் கிழவர் இறந்துபோனார். எரியூட்டிவிட்டு வந்த லம்துவன் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வாரம்தான் மூடியில்லாத பாட்டில்கள் லாரி ஏறி, வழியெல்லாம் கொட்டி நாறின.

சூப்பர்வைசர் பிரசோப் வந்தார். நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேலே ஆள் உண்டு.

"துடைச்சிடும்மா."

"வேற யாரையாவது துடைக்கச் சொல்லுங்கண்ணே."

"எவனும் கை வைக்க மாட்டேங்கிறான். நீ அவரு பொண்ணு, உன்னைக் கோவிச்சுக்க மாட்டாரு. இல்லேன்னா நாளைக்கு இந்த மெஷினுக்கு வேற ஆளு. நான் என்ன பண்ணட்டும்?"

ஊரில் இரண்டு பிள்ளைகள் அவள் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். கும்பிட்டாள். பிறகு அந்தப் பொட்டின்மேல் தன் விரலை வைத்து நின்றாள்.

"இன்னைக்குத்தான்ப்பா தொடுறேன்" என்றாள். துடைத்தாள்.

திரும்பும் ஒளியின் அளவைக் காட்டும் எண் சரியாக இறங்கியது. பாட்டில்கள் ஒழுங்காக ஓடின.

"பாத்தியா, சரியாயிடுச்சு" என்றார் பிரசோப்.

அந்த வாயாடி, வெள்ளை ஒட்டிய பஞ்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.