சந்துக்குள் நுழைந்த கோடு

நான் செய்தது தவறுதான். எங்கள் சைக்கிள் குழுவுக்காக இணைய வரைபடத்தில் ஒரு பாதை வரைந்து, ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல், சரிபார்த்தாயிற்று என்று எழுதி அனுப்பினேன். அதை அவரவர் சைக்கிளில் மாட்டிய வழிகாட்டும் கருவியில் ஏற்றும்போது வளைவுகள் தொலைந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் போகவேண்டிய கோடு திருவொற்றியூரின் மீனவர் சந்து ஒன்றுக்குள் நுழைந்துவிடுகிறது. சந்து கடலோரப் பாறைகளில் முடிகிறது.

இன்று காலை நானே அங்கே நிற்கிறேன். வாசலில் மீன் கழுவும் பெண் என் கைபேசியையே பார்க்கிறாள்.

"இன்னா நைனா, நீயும் அளக்க வந்துகீறியா? வாராவாரம் ஹெல்மெட் போட்டுகினு வரானுங்க, போனைப் பாக்குறானுங்க, வூட்டைப் பாக்குறானுங்க, போறானுங்க. எப்போ இடிக்கப்போறீங்க?"

"இடிக்க இல்லம்மா. நான் போட்ட வழி தப்பு. அதான் இங்க வந்து முழிக்கிறாங்க."

"மாட்டிக்கினா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

பாதையை இணையத்திலிருந்து அழித்துவிட்டேன் என்கிறேன். சொல்லி முடிக்குமுன் ஒருவர் சைக்கிளில் வந்து, பாறைகளைப் பார்த்து நின்று, கருவியைத் தட்டுகிறார். முன்பே இறக்கிக்கொண்டவர்களிடம் பழைய கோடு அப்படியே இருக்கிறது.

கடையில் சாக்பீஸ் வாங்கி, சந்து முனைச் சுவரில் 'சைக்கிளுக்கு வழி இல்லை' என்று பெரிதாக எழுதுகிறேன். அவள் இருமுறை படிக்கிறாள்.

"நம்பர் ஒண்ணும் போடலியே? போன தபா சுவத்துல நம்பர் போட்டுட்டுத்தான் அந்தாண்ட வூடுங்கள இடிச்சாங்க."

இல்லை என்று சொல்லிக் கிளம்புகிறேன். திருப்பத்தில் திரும்பிப் பார்க்கும்போது, ஈரத் துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.