பதினைந்து நிமிடத்தில் யாரை விடுவது?

ஒஸ்லோவின் புறநகர் குரோருட்டில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் தினமும் காலையில் ஒருவர் ஏறுவார். என்னைக் கண்டதும் மாடி எண்களைப் படிக்கத் தொடங்கிவிடுவார், ஏதோ நேற்றிரவுதான் அவற்றை மாற்றி எழுதியதுபோல. வந்த புதிதில் நான் சிரித்து, காலை வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லாரும் நலமா என்றும் கேட்டுவைத்தேன். மறுநாள் மனிதர் படிக்கட்டில் இறங்கிப் போனார். எனக்கு அறை வாடகைக்குத் தந்திருக்கும் யாழ்ப்பாணத்து மலர் அக்காவிடம் சொன்னபோது, விழுந்து விழுந்து சிரித்தார். “உமக்கென்ன விசரே பிள்ளை? வீட்டிலை ஏதோ நடந்திட்டுதெண்டு அந்தாள் பயந்திருக்கும்!”

நலம் விசாரிப்பதுதான் நான் படிக்கும் பாடமே என்பது இதில் வேடிக்கை. ஆதிக் கிறிஸ்தவர்கள் எகிப்தில் பாப்பிரஸ் தாள்களில் எழுதிய சொந்தக் கடிதங்களைப் பற்றி ஆராய்வதற்காகத் தூத்துக்குடியிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தவள் நான். பேரறிஞர்கள் அந்தக் கடிதங்களில் இறையியலைத் தேடுவார்கள். எனக்கோ கடைசிப் பத்திதான் உயிர். இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும், அவர் தாயாரைக் கேட்டதாகச் சொல்லவும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் பெயராகக் கேட்டதாகச் சொல்லவும். நம் வீட்டு இன்லண்ட் லெட்டரேதான்!

இந்த வசந்தத்தில் பல்கலைக்கழகத்தில் ஆதிக் கிறிஸ்தவ எழுத்துகள் பற்றி ஒரு மாநாடு நடந்தது. முதுகலை மாணவியான எனக்கும் பதினைந்து நிமிடம் கிடைத்தது. முன்வரிசையில் இங்கிரிட் இருப்பார் என்று தெரியும். எங்கள் பேராசிரியர்தான், இங்கே எல்லாருக்கும் அவர் வெறும் இங்கிரிட். அவருடைய ஆய்வுத் திட்டத்தில் முனைவர் பட்டத்துக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. கிடைத்தால் தங்கலாம். கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் விசாவும் முடியும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முந்தின நாள் மலர் அக்கா முன்னால் ஒத்திகை பார்த்தேன். பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டார். “இதென்ன, கலியாண வீட்டிலை மைக் பிடிச்ச மாதிரிக் கிடக்கு! இந்த நோர்வேக்காரர் முதல் வசனத்திலையே விஷயத்தைக் கேட்பினம்.”

“நன்றி சொல்லாம எப்படிக்கா ஆரம்பிக்கிறது?”

“ஓம் ஓம், உங்கடை இந்தியாக்காரர் மேடையிலை ஏறினா இறங்க மாட்டினம்தானே.”

சொன்னால் கேட்கிற ஆளா நான்? மறுநாள் மேடையேறியதும் தலைவருக்கு நன்றி சொன்னேன். இங்கிரிட்டுக்கு, ஏற்பாட்டுக் குழுவுக்கு, எனக்கு முன் பேசியவர்களுக்கு, நூலகத்துப் பணியாளர்களுக்கு, காபி வைத்தவர்களுக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சொல். அவர்கள் எழுந்து கும்பிடவுமில்லை, தலையாட்டவுமில்லை. சிலர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார்கள், தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று.

இதன் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். பள்ளி நாட்களில் எங்கள் கோயில் திருவிழாவில் நான்தான் வரவேற்புரை வாசிப்பேன். ஒருமுறை பங்குத்தந்தை முதல் பந்தல்காரர் வரை சொல்லிவிட்டு மைக்செட்காரரை விட்டுவிட்டேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விழாக் குழுச் செயலாளரான அப்பா அவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சி அழைத்துவந்தார். மறுநாள் நன்றியுரையில் அவர் பெயரை முதலிலும் சொன்னேன், முடிவிலும் சொன்னேன்.

ஒஸ்லோவில் யாரும் மைக்கை அணைக்கவில்லை, தலைவர் நேரம் முடிந்தது என்ற அட்டையைக் காட்டினார். ஆய்வின் முடிவு அடங்கிய கடைசிப் பக்கம் என் கையிலேயே இருந்தது. நம்மூரில் மணியடித்த பிறகுதான் பேச்சு சூடுபிடிக்கும் என்ற தைரியத்தில் “இறுதியாக ஒன்று” என்றேன். அவர் எழுந்து புன்னகையோடு “தாக்” என்றார். நன்றி என்று பொருள். போய் உட்கார் என்றும் பொருள்.

கேள்வி நேரம். பின்வரிசையில், பெர்கன் நகரிலிருந்து வந்திருந்த முதிய அறிஞர் ஒருவர் கையை உயர்த்தினார். “தொடக்கத்தில் அத்தனை பேருக்கு நன்றி சொன்னீர்களே, அது உங்கள் வாதத்துக்கான செய்முறை விளக்கமா? மிக நன்றாக இருந்தது.”

இங்கிரிட் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், நான் மேதை. ஆனால் வாய் என்னைக் கேட்டா பேசுகிறது? “இல்லை. எங்கள் ஊரில் பேச்சு அப்படித்தான் தொடங்கும். யாரையாவது விட்டால் சண்டை வரும்.”

சிரிப்பு எழுந்தது. முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. “என்ன சண்டை?” என்றார். மைக்செட்காரரைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே, பேச முடியாமல் போன கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். நான் ஆராய்ந்த, ஒரு பெண் எழுதிய கடிதத்தில் எல்லாரையும் கேட்டு முடித்த பிறகு, இடது ஓரத்தில் பக்கவாட்டில் ஒரே ஒரு பெயர் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. தாளில் இடமில்லாததால் என்றே ஆய்வாளர்கள் எல்லாரும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கீழே இரண்டு விரல் இடம் சும்மா கிடக்கிறது! “முடித்து, மடிக்கத் தாளைத் திருப்பும்போது நினைவு வந்திருக்கிறது. அவரை விட்டால் அந்தச் சிறிய சபையில் என்ன நடக்கும் என்று எழுதியவளுக்குத் தெரியும்.”

“நிரூபிக்க முடியுமா?”

“முடியாது,” என்றேன். “ஆனால் இதேபோல் ஓரத்தில் பெயர் உள்ள மற்ற கடிதங்களைத் தேடிப் பார்க்கலாம்.”

இங்கிரிட் ஏதோ குறித்துக்கொண்டார். மதியம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், முனைவர் இடத்துக்கு விண்ணப்பி என்றார். நேர்காணலுக்குப் பத்து நிமிடம்தான், காபி வைத்தவர்களை விட்டுவிடு என்றும் சொன்னார். விட்டுவிட்டேன். முதல் வாக்கியத்திலேயே அந்த ஓரத்துப் பெயரைச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து இங்கிரிட்டின் மின்னஞ்சல் வந்தது: “ஹெய். இடம் உனக்குத்தான். ஆகஸ்டில் தொடங்கலாம்.” அவ்வளவே. எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

குரோருட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபடியே அப்பாவை அழைத்தேன். “அப்பா, இடம் கிடைச்சிருச்சு. ஆகஸ்டுல ஆரம்பம்.”

“ஹலோ, யாரு?” என்றார் அப்பா.

“அப்பா, கேக்குதா?”

“கேக்குதும்மா. ரொம்ப சந்தோஷம்,” என்றார். பிறகு மெல்ல, “நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்காம நேரா விஷயத்துக்கு வந்துட்டியா, யாரோ என்னவோன்னு நெனச்சுட்டேன்” என்றார்.

முதலிலிருந்து தொடங்கினேன். அப்பாவைக் கேட்டேன், அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டேன், தம்பியின் வேலையைக் கேட்டேன். ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தபோது அத்தையைக் கேட்டு முடித்து மாமாவுக்கு வந்திருந்தேன். அவரை விட்டுவிட்டு ஏற முடியுமா? கதவுகள் மூடிக்கொண்டன.