பிள்ளை பிடிக்க வந்தவள்

அந்தக் கோடையில் எங்கள் பக்கத்து ஊர்களில் பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருப்பதாகப் பேச்சு. யாரும் அவர்களை நேரில் பார்த்ததில்லை. ஆனால் எல்லார் செல்போனிலும் அவர்கள் இருந்தார்கள். வடக்கேயிருந்து கூட்டமாக வந்திருக்கிறார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று ஒரு ஆள் மூச்சிரைக்கப் பேசும் குரல் பதிவு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடும்பக் குழுவுக்கு அதை அனுப்பியவர் மாமா, அம்மாவின் தம்பி. சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தார். அனுப்பியதோடு விடாமல், எல்லாரும் கேட்டுவிட்டார்களா என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டும் விசாரித்தார். பொறுப்பானவர்.

அப்போது நான் ஐந்தாவது முடித்து ஆறாவது போகக் காத்திருந்தேன். தம்பிக்கு நான்கு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குக் காற்றுப் போகாததால் அவனுக்குக் கைகால்கள் முறுக்கிக்கொண்டே இருக்கும். பேச்சு வராது. சேலத்தில் இடுப்பில் ஆபரேஷன் செய்து, மாவுக்கட்டைப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், காலை மட்டும் வெடுக்கென்று யாரும் இழுத்துவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவனுக்கு உடற்பயிற்சி கொடுத்தவரைத்தான் நாங்கள் மிஸ் என்போம். பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். நடக்க முடியாத பிள்ளைகளுக்காகச் சங்ககிரியில் சர்ச்சுக்காரர்கள் ஒரு பகல் நிலையம் நடத்தினார்கள். அங்கே இரண்டு வருஷம் வேலை செய்யத் தன் நாட்டுச் சபை மூலமாக வந்திருந்தார். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் மட்டும். சம்பளமே இல்லாமல் ஒருத்தி கடல் தாண்டி வந்து அடுத்தவர் பிள்ளைக்குக் காலைப் பிடித்துவிடுவாள் என்பதை எங்கள் தெருவில் முதலில் யாரும் நம்பவில்லை. "பாத்துக்கோ, ஒரு நாளைக்கு பைபிளை நீட்டுவா" என்று பெரியம்மா அம்மாவை எச்சரித்தார். மிஸ் நீட்டியதெல்லாம் தம்பியின் காலைத்தான்.

தமிழை அவர் கற்றுக்கொண்டது நிலையத்துக்கு வரும் அம்மாக்களிடம். அதனால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவார். நாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார்.

வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் நிலையத்து வேன் பிள்ளைகளை வீட்டில் கொண்டுவந்து விடும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தம்பியோடு போய் வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு வேன் பழுதாகி நின்றுவிட்டது. அம்மா மில்லில் ஷிப்டில் இருந்தார். அப்பா லாரியோடு ஒரிசாப் பக்கம் போயிருந்தார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு மிஸ்ஸே கிளம்பினார்.

பஸ்ஸில் வந்து, ஊருக்கு ரோடு பிரியும் இடத்தில் இறங்கினோம். அங்கிருந்து எங்கள் ஊருக்கு நடக்க வேண்டும். மிஸ் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டார். அவன் தூங்கிவிட்டான். தம்பியின் கம்பி வைத்த பூட்ஸும் தண்ணீர் பாட்டிலும் மிஸ்ஸின் செல்போனும் இருந்த பை என்னிடம். கொஞ்ச தூரம் போனதும் என் செருப்பு வார் பிடுங்கிக்கொண்டது. சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஊக்கு மாட்டிச் சரிசெய்யப் பார்த்தேன். "மெதுவா வாங்க சாமி" என்று சொல்லிவிட்டு மிஸ் முன்னால் நடந்தார். வெயில் அப்படி. தம்பியோடு நிற்க அங்கே ஒரு நிழலும் இல்லை.

ஒரு பைக் என்னைத் தாண்டிப் போனது. மிஸ்ஸின் பக்கத்தில் போய் மெதுவானது. கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் எட்டி ஹாரனை அழுத்தினான். தம்பிக்கு எந்தத் திடீர்ச் சத்தமும் ஆகாது. உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டு அலறுவான். பழகாதவர்கள் கேட்டால் யாரோ அவனைக் கொல்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

"ஏய், யாரு நீ? யாரூட்டுப் பையன் இது?"

ஒற்றைச் செருப்போடு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் டீக்கடையிலிருந்தும், போர்வெல் போட்டுக்கொண்டிருந்த தோட்டத்திலிருந்தும், வந்து நின்ற மினி லாரியிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். எனக்கு மிஸ்ஸின் கொண்டை மட்டும்தான் தெரிந்தது. இடுப்புகளுக்கு நடுவே புகுந்து உள்ளே போனேன்.

"எங்க மிஸ்ஸுங்க. இவன் எந்தம்பிங்க."

தலையில் துண்டு கட்டிய ஒருவர் என் உயரத்துக்குக் குனிந்தார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "பயப்படாத சாமி. உன்னையுமா கூட்டிட்டு வந்துட்டா?"

"இல்லீங்க. எங்க மிஸ்ஸுங்க."

"மிஸ்ஸுன்னா, பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நிலையத்தில் எல்லாருமே மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ்ஸே தன் பெயரைச் சொன்னார். நீளமான பெயர். ஒருவருக்கும் அது பெயராகக் கேட்கவில்லை.

"பாத்தீங்களா, புள்ளைக்குப் பேரே தெரியல."

"பையன் வாயப் பாரு, எச்சி ஒழுகுது. மயக்க மருந்து குடுத்திருக்கா."

தம்பிக்கு எப்போதும் எச்சில் ஒழுகும். அதைத் துடைக்கத்தான் மிஸ்ஸின் தோளில் ஒரு துணி கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். பூட்ஸ் கீழே விழுந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்தது.

"என்றா இது, வெலங்கா?"

பைக்கில் வந்தவன் தம்பியின் காலைப் பிடித்து இழுத்தான். அதுவரை மிஸ் அமைதியாகத்தான் நின்றிருந்தார். அப்போதுதான் கத்தினார். "இழுக்காதீங்க! இடுப்பு! இடுப்புங்க!"

அவன் விடவில்லை. மிஸ் அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்து, தம்பியை மடிக்குள் சுருட்டி, மேலே கவிழ்ந்துகொண்டார். பிறகு அடி விழ ஆரம்பித்தது. முதலில் கை. பிறகு எங்கிருந்தோ ஒரு தடி. ஒருத்தன் கொண்டையைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினான். புருவத்திலிருந்து ரத்தம் மூக்கோரமாக இறங்கியது. நான் அவர் முதுகைக் கட்டிக்கொண்டேன். என்னையும் இழுத்து அப்பால் நிறுத்தினார்கள். அவர்கள் கணக்கில் அது என்னைக் காப்பாற்றுவது. "அக்கட்டால நில்லு சாமி, அடி பட்டிரும்" என்றார் துண்டு கட்டியவர்.

பையனைக் கீழே விட்டிருந்தால் மிஸ்ஸுக்குப் பாதி அடி விழுந்திருக்காது. விடாததையே அவர்கள் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். "உடறாளா பாரு, எவ்வளவு நெஞ்சழுத்தம்!"

கீழே கிடந்த செல்போனை ஒரு இளைஞன் எடுத்தான். திறக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், விளையாட மிஸ் கொடுப்பார். உள்ளே எல்லாம் இருக்கிறது, பார்த்தால் புரிந்துவிடும் என்று திரையில் கோடு இழுத்துத் திறந்துகொடுத்தேன். உள்ளே பிள்ளைகளின் படங்கள் இருந்தன. படுத்திருக்கும் பிள்ளைகள், கம்பியைப் பிடித்து நிற்கும் பிள்ளைகள். பிறகு வெறும் கால்களாக வரிசையாய்ப் படங்கள். முன்னே எப்படி இருந்தது, இப்போது எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று பார்க்க மிஸ் எடுத்தவை.

எல்லாரும் போனைச் சுற்றி நெருங்கிக் குனிந்தார்கள்.

"அத்தனையும் புள்ளைக" என்றார் ஒருவர். அவர் குரல் நடுங்கியது. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த இளைஞன் திடீரென்று நின்றான். "இரு இரு. இது நம்ம மாவு மில்லுக்காரர் பேத்தியாட்டம் இருக்குது."

"அந்தப் பாப்பாவையும் தூக்கிட்டாளா? அவங்கூட்டுக்குப் போன் போடு!"

போட்டான். ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தடி வைத்திருந்தவன் அதைத் தூக்கியபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வீச்சுக்கு அவனுக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. மறுபடி போட்டான். தம்பியின் அழுகை மட்டும் மிஸ்ஸின் மடிக்குள்ளிருந்து அடைத்துக்கொண்டு கேட்டது.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"அக்கா, உங்க பாப்பா எங்க?"

"இங்கதான் தூங்குது. ஏன் சாமி?"

"இங்க ஒருத்தியப் புடிச்சு வெச்சிருக்கறம். சைனாக்காரியாட்டம் இருக்கா. அவ போன்ல உங்க பாப்பா போட்டோ..."

"அய்யோ! அது எங்க எக்சசைஸ் மிஸ்ஸு! என்ன பண்ணுனீங்க அவங்கள? எங்க இருக்கறீங்க? மிஸ்! மிஸ்! கேக்குதுங்களா?"

இளைஞன் போனை மிஸ்ஸின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மிஸ் நிமிராமலே சொன்னார். "கேக்குதுங்க. பாப்பா நல்லா இருக்காங்களா?"

தடி எங்கே போனதென்று தெரியவில்லை. பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. வந்த வேகத்திலேயே பாதிப் பேர் மறைந்துவிட்டார்கள். மீதிப் பேர் ஒரே நொடியில் மிக நல்லவர்களாகிவிட்டார்கள். டீக்கடைக்காரர் சோடா உடைத்துக்கொண்டு வந்தார். ஒருவர் பூட்ஸைத் தூசி தட்டிப் பைக்குள் வைத்தார். துண்டு கட்டியவர் தன் துண்டை அவிழ்த்து மிஸ்ஸின் புருவத்தில் அழுத்திப் பிடித்தபடி என்னைக் கடிந்துகொண்டார். "ஏன் சாமி, வாயத் தொறந்து வெவரமாச் சொல்லியிருந்தா இத்தனை ஆயிருக்குமா?"

யாரோ ஊருக்குள் சொல்லி, சேதி பட்டறைக்குப் போய், மாமா மில்லிலிருந்து அம்மாவைப் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார். "எவனோ பொழப்பத்த நாயி அனுப்பறதக் கேட்டுட்டு மனுசிய அடிப்பீங்களாடா?" நான் மாமாவையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் எங்கள் குடும்பக் குழுவில் அந்தக் குரல் பதிவு இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் கிடந்தது.

அம்மா ரோட்டில் உட்கார்ந்து தம்பியை வாங்கக் கை நீட்டினார். மிஸ் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாதென்று இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு பிரியவில்லை. "நாந்தானுங்க, நாந்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா அவற்றை ஒவ்வொன்றாக விரித்தார்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகுதான் மிஸ் தன் புருவத்தில் தையல் போட உட்கார்ந்தார். போலீஸ்காரர்கள் விசாரித்துச் சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சர்ச்சுக்காரர்கள் மிஸ்ஸை உடனே ஊருக்கு அனுப்பிவிடுவதென்று பேசினார்கள். அவருடைய நாட்டிலிருந்தும் வந்துவிடு என்றார்களாம். அவர் போகவில்லை. தம்பி நிற்கும்வரை இருப்பேன் என்று சொல்லிவிட்டதாக அம்மா சொன்னபோது எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவர் எங்கள் மிஸ். வேறு எங்கே போவார்?

தையல் பிரித்த பிறகு ஒரு காலையில் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். வரச் சொன்னது அம்மா. தெருப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். அம்மா தன் பச்சைச் சேலையை எடுத்து மிஸ்ஸுக்குக் கட்டிவிட்டார். பெரியம்மா கனகாம்பரம் கொண்டுவந்திருந்தார். தலையைப் படிய வாரிப் பின்னி, பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டார்கள். பொட்டு அட்டையை எடுத்த பெரியம்மா சற்றுத் தயங்கினார்.

"வெச்சுடலாமுங்களா? உங்க சாமி கோவிச்சுக்காதில்ல?"

மிஸ் கண்ணை மூடி முகத்தை நீட்டினார். தையல் போட்ட தழும்பில் படாமல் பெரியம்மா நடு நெற்றியில் ஒட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் இந்த யோசனை ஏன் யாருக்கும் வரவில்லை என்று நினைத்தேன். கைதட்டிக் குதித்தேன். "மிஸ், நம்மூர்க்காரங்களாட்டமே இருக்கறீங்க!" என்று கத்தினேன். ஏனோ ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா திரும்பி அடுப்பைப் பார்க்கப் போவதுபோல நகர்ந்தார்.

மிஸ் பீரோக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். இன்னும் கொஞ்சம் இழுத்துத் தலைமேல் போட்டுப் பார்த்தார். வாசலில் ஒரு பைக் போனது. அது போய் முடியும்வரை அசையாமல் நின்றார். பிறகு கண்ணாடியிலிருந்தே அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இப்போ சரிங்களா?"

"சரியா இருக்குதுங்க" என்றார் அம்மா, தரையைப் பார்த்தபடி.

கொசுவத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். குனிந்து அதை நீவிவிட்டேன்.