குப்பி சொன்ன சம்மதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ ரமலான்களைக் கடத்திவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையால் சொன்ன ஒரு சொல்லை எழுத்தில் எப்படி வைப்பது என்றும் தெரியவில்லை. பிழை இருந்தால் அல்லாஹ் பொறுப்பான் என்று தொடங்குகிறேன்.

என் அப்பாவை அத்தா என்போம், அத்தாவின் தங்கையைக் குப்பி என்று கூப்பிடுவோம். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், தமக்கு வேண்டிய சொற்களை அவரே கட்டிக்கொண்டார். விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தேய்த்தால் உப்பு. அதையே சிரித்துக்கொண்டு தேய்த்தால் சர்க்கரை. தேய்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தால் கோடைக்காலம். வாயருகே கையைக் கோழி அலகுபோல ஓயாமல் அடித்தால் அது நான். புதிதாக எதைச் சேர்த்துச் சொன்னாலும் வீட்டில் முதலில் எனக்குத்தான் புரியும். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில், பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு தையற்காரர் குப்பியைப் பெண் கேட்டு வந்தார். அன்றே குப்பி அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்: ஊசியில் நூல் கோப்பதுபோலக் காட்டி, உடனே தாடியைத் தடவுவார். அம்மா சிரித்த சிரிப்பில் வெங்காயத்தோடு விரலையும் நறுக்கிக்கொண்டார்.

நிக்காஹ் அன்று, அதை நடத்திவைக்கும் பள்ளிவாசல் ஹஜரத், சாட்சிகள் இருவரோடு பெண்ணின் சம்மதம் கேட்க அறை வாசலுக்கு வந்தார். கூடவே மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்தார். வந்தவர் சும்மா இல்லாமல் குப்பியைப் பார்த்து, "இன்னிக்கு மழ வருமாம்மா?" என்றார். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். பெரியவர் ஏதோ கேட்கிறாரே என்று குப்பி மரியாதையாகத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா ஹஜரத்? எதக் கேட்டாலும் ஆட்டுது. புரியாம கட்டி வச்சிட்டாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதுல்ல?"

அத்தாவின் முகம் செத்துவிட்டது. "எங்க பொண்ணு கையப் பாத்தே சொல்லிடும் ஹஜரத்" என்று என்னை முன்னால் தள்ளினார்.

"ஏம்பா, இந்தச் சுண்டக்கா சொல்றத வச்சா நிக்காஹ் எழுதறது?" என்றார் பெரியப்பா.

ஹஜரத் தாடியை நீவினார். "சாட்சிங்களுக்கே நேராப் புரியணும்பா. இல்லன்னா என்னால எழுத முடியாது."

அத்தா கைகளால் விஷயத்தைக் குப்பிக்குச் சொன்னார். குப்பி சாட்சிகளை ஒருமுறை பார்த்தார். இருவரும் அத்தாவோடு சேர்ந்து உப்பு வாருகிறவர்கள். மேலே போர்த்தியிருந்த துப்பட்டிக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன. முதலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கம் காட்டினார். பிறகு நீளக் காம்பைப் பிடிப்பதுபோல இரு கைகளையும் நீட்டி, பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வரப்புக்கு இழுப்பார்களே, அப்படியே நிதானமாகத் தம் பக்கம் இழுத்தார். இழுத்ததை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அதுவரை அவர் சொல்லாத சொல் அது.

நான் வாயைத் திறப்பதற்குள் மூத்த சாட்சி முந்திக்கொண்டார்.

"வாரி எடுத்துக்கிச்சு ஹஜரத்! அந்த மாப்பிள்ளைய எனக்குன்னு எடுத்துக்கறேங்குது."

"இதுக்கு மேல என்ன சம்மதம், என்ன கபூல் வேணுமாம்?" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார் இன்னொருவர்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஹஜரத் நிக்காஹ் பதியும் தஃப்தரைத் திறந்தார். பெரியப்பா தம் கைகளால் ஒருமுறை அப்படி இழுத்துப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

வீடே பெருமையில் அழுதது. நான் மட்டும் பிரியாணி வேண்டாம் என்று மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசியையும் தாடியையும் காட்டியிருந்தால் என்னைத்தானே கேட்டிருப்பார்கள் என்று கோபம். அதனால்தான் குப்பி அவற்றைக் காட்டவில்லை என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. எதிரில் நின்ற இரண்டு உப்பளக்காரர்களுக்காக, நடுவில் ஆள் தேவைப்படாத சொல்லை நின்ற நிலையில் கட்டியிருந்தார்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நான்தான் சாட்சிகளுக்குப் புரியவைத்தேன் என்று சொந்தத்தில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். இல்லை. குப்பியே சொன்னார்.