ஈ விடாத சீசா

எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் வெளியூருக்கு அழைத்துப் போவார்கள். கடிதத்தில் முகாம் என்று இருக்கும். நாங்கள் ரிட்ரீட் என்போம். லேபை மறந்துவிட்டு, காற்று வாங்கி, ஒருவர் வேலையை மற்றவர் நிதானமாகக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நிதானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பழ ஈ வளர்க்கிறவளுக்கு ஏது நிதானம்? கூட்டைவிட்டு வெளியே வந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈயை ஆண் ஈயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். தவறினால் அது எதனுடன் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பத்து நாள் வேலை பாழ். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று நான்கு வருடமாக என் பிழைப்பு ஓடியது. சொந்த அத்தை மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தவள் நான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்லுவாள். போகிறபோக்கில் “பதறாத காரியம் சிதறாது” என்றும் சேர்த்துக்கொள்வாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், பொங்கல் கழிந்த வாரம், முகாமைத் திருவண்ணாமலையில் வைத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். மலை, சாமியார்கள், வெள்ளைக்காரர்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பொங்கலுக்குப் போய்விட்டு ஐந்து நாளைக்கு முன்னால்தான் திரும்பியிருந்த சொந்த ஊர். அப்பாவுக்கு அங்கே வாழைமண்டி. அந்தத் தெருவில் நடந்தால் நாலு பேராவது நிறுத்துவார்கள். “இன்னாம்மா டாக்டரு, முட்டி வலிக்கு ஒரு மாத்திர எழுதிக் குடேன்” என்பார்கள். நான் படிப்பது அந்த டாக்டருக்கு இல்லை என்று விளக்கி விளக்கி வாய் வலித்து, கடைசியில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு நகர்வேன்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் மடிமேல் கம்பிக்கூடையை வைத்துக்கொண்டு வந்தேன். கூடைக்குள் இருபது சின்னக் கண்ணாடிச் சீசாக்கள். பதினாறில் ஈக்கள். நாலில் வெறும் கஞ்சி மட்டும். சோளமாவு, வெல்லம், ஈஸ்ட் எல்லாம் போட்டுக் காய்ச்சி, சீசாவின் அடியில் ஊற்றி ஆறவைத்தால் கெட்டியாக உறைந்து நிற்கும். அதுதான் ஈக்களுக்குச் சோறு. வழியில் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று அந்த நாலையும் எடுத்து வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கூடையை ஒருமுறை பார்த்துவிட்டு, செங்கல்பட்டிலேயே வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

என்னுடைய ஈக்களுக்குக் கண் வெள்ளை. சாதாரணமாகப் பழத்தைச் சுற்றும் ஈக்குக் கண் சிவப்பு. வெள்ளைக் கண் ஈக்களைத் தலைமுறை தலைமுறையாகச் சூட்டில் வளர்த்தால், திடீரென்று சில குஞ்சுகள் சிவப்புக் கண்ணோடு பிறக்கின்றன என்று நான் கண்டிருந்தேன். இழந்த நிறத்தைச் சூடு திருப்பிக் கொடுக்கிறது. என் ஆய்வேடு முழுவதும் இந்த ஒரு வரியின்மேல்தான் நின்றது. ஆரம்பத்தில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வெளி ஈ உள்ளே நுழைந்திருக்குமோ என்று. பஞ்சு முறுக்கி அடைப்பதில் லேபில் எனக்கு நிகர் கிடையாது. “என் சீசாவுல எறும்பு கூட நுழையாது சார்” என்றேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

முதல் நாள், செங்கம் சாலைச் சத்திரத்துக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கைடு குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் மெல்லத்தான் சொன்னார். என் கட்டுரையை இந்த மாதமே வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பப்போவதாக. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அடுத்த வரிசையில் என் ஜூனியர் உட்கார்ந்திருந்தாள். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் வியாபாரக் குடும்பம். அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். நான் கண்டதை அவள் தன் கையால் மறுபடி செய்து, அதிலிருந்து மேலே போக வேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. இரண்டு வருடம் ஆகியும் அவள் சீசாக்களில் ஒரு சிவப்புக் கண் பிறக்கவில்லை. இந்த முகாமுக்குப் பிறகும் வராவிட்டால் எம்.ஃபில். பட்டத்தோடு ஊருக்குப் போய்விடு என்று கைடு சொல்லியிருந்தார். அவள் என்னிடம் வந்து வழி கேட்கும்போதெல்லாம் நான் நின்றுகூடப் பதில் சொன்னதில்லை. “உனக்குக் கைராசி இல்லம்மா” என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறேன். ஒருதடவை இல்லை, பலதடவை.

அன்று சாயங்காலம் அம்மா சத்திரத்துக்கே ஒரு பெரிய வாழைச்சீப்போடு வந்துவிட்டாள். “உக்காந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போடி” என்றாள். நான் நின்றபடியே பேசி அனுப்பிவைத்தேன்.

இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு ஈ பிரிக்க அறைக்கு ஓடினேன். பதினாறு சீசாவையும் முடித்துவிட்டு, புதுச் சீசா ஒன்று வேண்டியிருந்ததால் வெறும் கஞ்சி ஊற்றிய நாலில் ஒன்றை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். கஞ்சிக்குள் ஏதோ நெளிந்தது.

புழு. ஏழெட்டுப் புழுக்கள், கொழுகொழுவென்று.

மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் இருந்தது. அந்தச் சீசாக்களில் நான் ஒரு ஈயைக்கூட விட்டதில்லை. பஞ்சு அடைப்பு நான் முறுக்கியபடியே இருந்தது. கட்டில்மேல் அம்மா கொண்டுவந்த சீப்பு கிடந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஈக்கள். லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, இருந்தும் பார்த்தேன். சிவப்புக் கண்.

சூட்டில் சாதாரணக் கஞ்சி இளகிவிடும் என்று, சூட்டுப் பெட்டிக்கான கஞ்சியை மட்டும் நான் தனியாக, கெட்டியாக, என் மூலையில் காய்ச்சுவேன். மாலையில் ஊற்றி, மேலே மெல்லிய துணி போட்டு, காலையில் வந்து பஞ்சு அடைத்து ஈயை விடுவேன். கூடையில் கொண்டுவந்த நாலும் அப்படி ஊற்றியவைதான். அந்த மூலையில் ஆணி அடித்து, ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்வந்ததும் அப்பா மண்டியில் கட்டிக்கொடுக்கும் வாழைத்தாரைத் தொங்கவிடுவேன். லேபுக்கே அதுதான் தீனி. துணிக்கு அடியில் புகுந்த பழத்து ஈக்கள் இரவெல்லாம் என் கஞ்சியில் முட்டையிட்டிருக்கின்றன. காலையில் வந்து நான் அவ்வளவு கவனமாக, அவ்வளவு கெட்டியாகப் பஞ்சை முறுக்கி அடைத்தது, திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். ஊற்றிய மறுநாளே ஈயை விட்டுவிடும் அவசரக்காரி என்பதால், வெறும் சீசாவை நாலைந்து நாள் சும்மா வைத்து நான் பார்த்ததே இல்லை.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு சிவப்புக் கண். கார்த்திகை தீபத்துக்குப் போய் வந்த பிறகு சிவப்புக் கண். அத்தை மகள் கல்யாணம் முடிந்து வந்த பிறகு சிவப்புக் கண். சூட்டில் வைக்காத சீசாக்களில் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அதற்கெல்லாம் லேபில் எல்லோருக்கும் சேர்த்து மூடிய அறையில் ஊற்றும் பொதுக் கஞ்சி. என் ஜூனியர் தன் சூட்டுப் பெட்டிக்கும் அந்தப் பொதுக் கஞ்சியையே, இளகாமலிருக்க இன்னும் கொஞ்சம் கடற்பாசி சேர்த்து, அதே மூடிய அறையில் ஊற்றிக்கொண்டாள்.

நாலு மணிக்கு எல்லோரும் மலை சுற்றக் கிளம்பினார்கள். அறையில் இருக்க முடியாமல் நானும் கிளம்பினேன். செருப்பில்லாமல் புளியமரங்களுக்கு அடியில் எல்லோருக்கும் முன்னால் வேகுவேகென்று நடந்தேன். ஒருவேளை இந்தத் தடவை மட்டும் நடந்திருக்கலாம் என்று ஒரு மனசு சொல்லும். நோட்டில் இருப்பதைப் பார்த்தாயே என்று இன்னொரு மனசு சொல்லும். கட்டுரையை மட்டும் நிறுத்திவிட்டு, காரணம் சொல்லாமல், ஆறு மாதத்தில் புதிதாக ஏதாவது செய்து ஒப்பேற்றிவிடலாம் என்றும் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ஜூனியர் எங்கேயும் வரவில்லை.

அடி அண்ணாமலையில் டீக்கடையில் நின்றபோது அவள் ஓட்டமும் நடையுமாக என்னை வந்து பிடித்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? சூட்ட ரெண்டு டிகிரி ஜாஸ்தி வெச்சுப் பாக்கட்டுமா? நீங்க செய்யறப்ப கூட இருந்து பாத்தா எனக்கும் வந்துடும்னு தோணுது.”

சொல்லியிருக்கலாம். கையில் டீ டம்ளர், பக்கத்தில் வேறு யாருமில்லை. அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“மல சுத்த வந்த எடத்துலயும் ஈ பேச்சா? சும்மா வாம்மா.”

மீதி வழி முழுக்க அவள் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளியே நடந்து வந்தாள். அன்று எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி அவள்மேல்தான். குற்றம் செய்தவனுக்கு எதிரே நிற்பவன்மேல்தான் எரிச்சல் வரும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை தவறுக் கூட்டம். எங்கள் முகாமில் அது ஒரு வழக்கம். அந்த வருடம் தான் செய்த ஒரு தவறை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். யாரும் திட்டக்கூடாது, சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்த வழக்கம்தான். நாளடைவில் எல்லோரும் யாருக்கும் வலிக்காத ஒரு தவறைத் தேடி, கொஞ்சம் நகைச்சுவை சேர்த்து, மனப்பாடம் செய்துகொண்டு வர ஆரம்பித்தோம். அதற்கு ரிகர்சல் பார்த்தவர்களைக்கூட எனக்குத் தெரியும்.

சீனியர் என்பதால் முதலில் நான். சீசாவில் ஒட்டிய லேபிளைக் கரப்பான்பூச்சி தின்றுவிட, எது எந்த ஈ என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க அலைந்த கதையைச் சொன்னேன். முன்பே யோசித்து வைத்திருந்ததுதான். எல்லோரும் சிரித்தார்கள், கைடும் சிரித்தார். கைதட்டல் நல்ல பலமாக இருந்தது. உட்கார்ந்த பிறகு என் கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொருவராக முடித்து, கடைசியாக ஜூனியர் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

“என் தப்பு என்னனு எனக்குத் தெரியல சார். அதான் என் தப்பு. அக்கா செஞ்சதையே பதினொரு தடவ செஞ்சேன். ஒரு தடவ கூட வரல. எங்கயோ கை தப்பு பண்ணுது, எங்கனு கண்டுபுடிக்க முடியல. ரெண்டு வருஷத்த வீணாக்கிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கைடு தலையைக் குனிந்துகொண்டு, “பரவால்லம்மா. எல்லாருக்கும் எல்லாக் கையும் அமையாது” என்றார். மென்மையாகத்தான் சொன்னார். பிறகு வழக்கப்படி எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் தன்னை முட்டாள் என்று சொன்னதற்குக் கைதட்டல். என் கையும் தட்டுவதற்காக மேலே எழும்பியது. அதைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எழுந்து நின்றுவிட்டேன். ஒருவர் இரண்டாம் முறை எழுவது வழக்கமில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சார், அவ கை தப்பு பண்ணல. நான் மொதல்ல சொன்னது பொய்த் தப்பு. நெஜத் தப்பு வேற.”

புழு வைத்த சீசாவைக் கொண்டுவந்து கைடு முன்னால் வைத்தேன். வாழைத்தார், துணி, தனிக் கஞ்சி, நோட்டிலிருந்த பண்டிகைகள் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று இரண்டு மணிக்கே தெரியும் என்பதையும் சொன்னேன். கைடு சீசாவைச் சன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். “கட்டுரையை அனுப்ப வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை, வழக்கம் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

நான்கு வருடம் போயிற்று என்று அந்த நிமிடம் எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்பதும் தோன்றவில்லை. நான் ஜூனியரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். விரல்விட்டு ஏதோ எண்ணுகிறவள் போல உதடு அசைந்தது. பிறகு அந்தக் கூடத்தில் என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

“அப்போ… பதினொரு தடவையும் எனக்குச் சரியாத்தான் வந்துச்சுங்களாக்கா?”

அவள் முகத்தில் கோபம் இல்லை, சந்தோஷம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே “ஆமாம்மா” என்று சொல்ல வேண்டியிருந்தது.