சிவப்பு மறைந்ததும் நிறுத்திய மருந்து

கடந்த ஜனவரி ஒன்பதாம் தேதி, வழக்கம்போல் காலை ஏழு மணிக்கு மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை எஸ்டேட்டுக்குக் கிளம்பினேன். இருவருக்கும் அங்கேதான் வேலை; நான் அங்கே கணக்கெழுதும் ரைட்டர். வழியெல்லாம் ஒரே பனி. விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினேன்.

"ஏனுங்க, பகல்ல எதுக்குங்க லைட்டு?" என்றாள்.

"பனி இறங்குதே, தெரியலையா?"

"பனியா? வெயிலு பளிச்சுன்னு அடிக்குது. மொதல்ல வண்டிய நிறுத்துங்க!"

நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இரண்டிலும் அதே வெண்மை.

முந்தைய மாதம் என் கண்கள் சிவந்து வலித்தன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்குகிறது என்று சேலம் டாக்டர் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தந்தார். சில நாளில் சிவப்பு மறைந்தது. காப்பிப் பழம் பறிக்கும் மும்முரத்தில் மறுபரிசோதனைக்கு மலை இறங்காமல், மருந்தை நானே நிறுத்திவிட்டேன்.

அன்றே பஸ்ஸில் சேலம் போனோம்.

"சிவப்பு போனா நோயும் போச்சுன்னு யாருங்க சொன்னது?" என்றார் டாக்டர். "இந்த மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமா நாங்கதான் குறைக்கணும். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாதுங்க."

சொட்டு மருந்தோடு மாத்திரையும் தந்தார்.

இன்று பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. அவர் சொல்லாமல் ஒரு சொட்டைக்கூடக் குறைப்பதில்லை. ஆனால் சேலம் போய் வந்த மறுநாள் காலை, பார்வை திரும்புமா என்றே தெரியாது. எழுந்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கண்ணும் மூக்கும் பிரித்துத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லாமல், அண்ணாந்து உட்கார்ந்து, மருந்தை விடச் சொன்னேன்.